வைத்தியசாலைக் கடிதத்தை வாசிப்போம்: சொல்லின் முன்னால் நிற்கும் சிறு சொற்கள்

கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்து கை கழுவிய பின்னர் பெரியவர்கள் சிலர் எம்மைத் தேடி வருவது வழக்கம். முன்னரெல்லாம் வரித் திணைக்களக் கடிதத்தை விளங்கப்படுத்தச் சொல்லியே வருவார்கள். இப்போது அவர்களுடைய கைப்பையிலிருந்து வெளிவருவது பெரும்பாலும் வைத்தியசாலைக் கடிதமாகவே இருக்கிறது. "தம்பி, நீர் படிச்ச பிள்ளை. இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லும்" என்பார்கள். நாம் படித்தது கணக்கியல்; வைத்தியம் அல்ல. எனினும் அக்கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் ஓர் உண்மை எமக்குப் புலப்பட்டது. பார்த்தவுடன் பயமுறுத்தும் அந்த நீண்ட சொற்கள் உண்மையில் சிறு துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. அத்துண்டுகளில் முன்னால் நிற்பதை முன்னொட்டு என்பர். கணக்கேட்டில் ஓர் எண்ணின் முன்னால் நிற்கும் சகக் குறி, சயக் குறி எப்படியோ, வைத்தியச் சொல்லுக்கு முன்னொட்டு அப்படியே. எண் சரியாக இருந்தும் குறி மாறினால் ஐந்தொகை முழுவதும் பிழைத்துவிடும்.

குறி மாறினால் என்ன நடக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எமது வீட்டிலேயே அனுபவித்தோம்.

2019 ஆம் ஆண்டு கந்தசஷ்டிக் காலம். எமது தாயாருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. நீண்ட காலமாகச் சீனி வருத்தம் உள்ளவர். ஊரில் இருந்த நாள் தொட்டு ஆறு நாளும் ஒருநேர உணவோடு விரதம் பிடிப்பவர். லண்டனுக்கு வந்த பின்னும் அதை விடவில்லை. சாப்பாட்டைக் குறைத்தாரே தவிர, சீனிக்குப் போடும் குளிசையைக் குறைக்கவில்லை. அதுபற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்று எமக்கும் தோன்றவில்லை. நான்காம் நாள் பின்னேரம் அவர் கதிரையில் இருந்தபடியே வேர்த்து ஒழுகினார். கை நடுங்கியது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார்.

நாம் பதறிப்போய் வைத்திய ஆலோசனைக்குத் தொலைபேசி எடுத்தோம். மறுமுனையில் பேசிய தாதியார், "அம்மாவுக்கு ஹைப்போவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சீனி வருத்தம் என்றால் இரத்தத்தில் சீனி கூடியிருப்பதுதானே என்ற எண்ணத்தில், "ஓம், ஹைப்பர்" என்று விடை சொன்னோம். அந்த நேரம் எமது மகள் அப்பம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்கத் தோடம்பழச் சாறு கொண்டுவந்தாள். "சீனி கூடிப்போச்சு, குடுக்காதை" என்று அதையும் தடுத்துவிட்டோம்.

அந்தத் தாதியார் எமது விடையோடு விட்டுவிடவில்லை. "கூடவா, குறைவா? மெசினில் எத்தனை காட்டுகிறது?" என்று மீண்டும் கேட்டார். மகள் அப்பம்மாவின் விரலில் குத்திப் பார்த்தாள். 2.9 என்று காட்டியது. "அது மிகக் குறைவு. சாற்றை உடனே குடிக்கக் கொடுங்கள்" என்றார். கால் மணித்தியாலத்தின் பின் தாயார் நிமிர்ந்து இருந்து, "ஏன் எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டார்.

கையில் இருந்த மருந்தை நாமே தடுத்தோம். காரணம் ஒரு முன்னொட்டு. அன்று தொடங்கியதே இந்தப் படிப்பு. படித்ததில் அவசியமானவற்றை ஈண்டு பகிர்ந்துகொள்கிறோம்.

1. ஹைப்பர், ஹைப்போ

வைத்தியக் கடிதங்களில் அடிக்கடி வருவனவும், மாறினால் ஆபத்தானவையும் இவ்விரண்டுமேயாகும். இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. ஹைப்பர் என்றால் மேலே, மிகை. ஹைப்போ என்றால் கீழே, குறை.

நாம் ஏன் தடுமாறுகிறோம்? இரண்டு சொல்லும் 'ஹை' என்ற ஒலியிலேயே தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் 'ஹை' என்றால் உயர்வு என்று எமது காது பழகியிருக்கிறது. ஆகவே ஹைப்போ என்று கேட்டாலும் 'கூட' என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. இச்சொற்களில் உள்ள 'ஹை' உயர்வைக் குறிப்பதில்லை. சொல்லின் முடிவையே கவனிக்க வேண்டும். ஹைப்போ என்பதும், குறைவு என்ற பொருளுடைய 'லோ' என்பதும் ஓகாரத்திலே முடிவன. ஹைப்போ என்றால் லோ. இதைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போலச் சொல்லப் பழகட்டும்.

கடிதத்தில் வாசிக்கும்போது எச், வை, பி என்ற மூன்று எழுத்துகள் இரண்டுக்கும் பொது. அடுத்து ஈ, ஆர் வந்தால் மிகை. ஓ வந்தால் குறை. ஓ என்பது பூச்சியத்தின் வடிவம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

- ஹைப்பர்டென்ஷன்: உயர் இரத்த அழுத்தம், நாம் 'பிரஷர்' என்று சொல்வது. ஹைப்போடென்ஷன்: தாழ் இரத்த அழுத்தம்.
- ஹைப்பர்கிளைசீமியா: இரத்தத்தில் சீனி மிகை. ஹைப்போகிளைசீமியா: இரத்தத்தில் சீனி குறை. இந்நாட்டில் பின்னதைச் சுருக்கி 'ஹைப்போ' என்றே பேசுவார்கள்.
- ஹைப்பர்தைரொயிடிசம்: தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தல். ஹைப்போதைரொயிடிசம்: அது மந்தமாக வேலை செய்தல்.
- ஹைப்பர்கலீமியா: இரத்தத்தில் பொட்டாசியம் மிகை. ஹைப்போகலீமியா: பொட்டாசியம் குறை.

கடைசியாகச் சொன்ன சோடியைச் சற்று நின்று கவனிப்போம். வாழைப்பழம், இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியம் கூடியவருக்கு அவற்றைக் குறைக்கும்படி சொல்வார்கள். உடலிலுள்ள நீரை வெளியேற்றும் சில குளிசைகளால் பொட்டாசியம் குறைந்தவருக்கு அவையே நல்ல உணவாகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன புத்திமதி எமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். பொட்டாசியம் மிகக் கூடினாலும் மிகக் குறைந்தாலும் இதயத் துடிப்புப் பாதிக்கப்படும்.

சீனியின் அளவு பற்றியும் ஒரு குறிப்பு. இந்நாட்டில் அதை மில்லிமோல் கணக்கில் அளக்கிறார்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு 4க்குக் கீழே போனால் ஹைப்போ என்று கொள்ள வேண்டும். இந்தியா போன்ற நாடுகளில் மில்லிகிராம் கணக்கு வழக்கத்தில் உள்ளது. மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். இங்கே 4 என்பது அங்கே 72. தொலைபேசியில் உறவினரோடு சீனியின் அளவை ஒப்பிடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஹைப்போ வந்தவர் அறிவுத் தெளிவோடு விழுங்கக் கூடியவராக இருந்தால் ஒரு சிறு கிளாஸ் பழச்சாறு அல்லது நாலைந்து குளுக்கோஸ் வில்லைகள் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999 இலக்கத்தை அழைக்க வேண்டும்.

2. நாம் ஏற்கெனவே அறிந்தவை

இவ்வளவையும் புதிதாக மனனம் செய்ய வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. பாதி அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் மூன்றும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ் வேறு குடும்பம். ஆயினும் கோயிலிலும் சபையிலும் நாம் புழங்கும் வடசொற்கள் பலவற்றில் இதே முன்னொட்டுகள் இருக்கின்றன.

ஹைப்பர் என்பதற்கு உறவுச் சொல் 'உபரி'. செலவு போக மிஞ்சிய பணத்தை உபரி என்கிறோம். ஹைப்போ என்பதற்கு உறவுச் சொல் 'உப'. உபதலைவர், உபசெயலாளர், உபகுழு என்பன தலைவருக்கும் செயலாளருக்கும் குழுவுக்கும் அடுத்த கீழ்நிலையில் இருப்பவை. பொதுக்கூட்டத்துக்கு வந்த எவருக்கும் இனி ஹைப்போ மறக்காது.

அ, அன்: 'இல்லை' என்று பொருள். நீதி, அநீதி. ஆதி, அநாதி. வடமொழியில் மெய்யெழுத்துக்கு முன் 'அ' என்றும் உயிரெழுத்துக்கு முன் 'அன்' என்றும் வருவது போலவே கிரேக்கத்திலும் வரும். அனீமியா என்பதன் நேர்ப்பொருள் இரத்தம் இல்லாமை, வழக்கில் இரத்தசோகை. அரித்மியா என்றால் துடிப்பில் தாளம் இல்லாமை. அப்னியா என்றால் மூச்சு நின்றுபோதல். நித்திரையில் மூச்சு விட்டுவிட்டு நிற்பதை 'சிலீப் அப்னியா' என்கிறார்கள். 'ஏசிம்ப்டமற்றிக்' என்றால் அறிகுறி இல்லாத என்பதாகும். அறிகுறி இல்லை என்பது வருத்தம் இல்லை என்பதாகாது. இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

டிஸ்: இது எமது 'துர்'. துர்நாற்றம், துர்க்குணம் என்பவற்றில் உள்ளது. கெட்ட, கடினமான என்று பொருள்படும். எழுத்தில் டி, வை, எஸ் என்று வரும். டிஸ்பெப்சியா என்றால் செரிமானக் குறைபாடு. டிஸ்னியா என்றால் மூச்செடுக்கக் கஷ்டம். டிஸ்யூரியா என்றால் சலம் போகும்போது எரிவு அல்லது நோவு.

டிஸ்பேஜியா, டிஸ்பேசியா என்ற இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. முதலாவது விழுங்கக் கஷ்டம்; இரண்டாவது பேசவோ பேச்சை விளங்கிக்கொள்ளவோ கஷ்டம். பாரிசவாதம் வந்தவருக்கு இரண்டும் வரலாம். கடிதத்தில் டிஸ்பேஜியா என்று இருக்க, 'பேச்சுத்தான் பிரச்சினை' என்று எண்ணி நாம் அன்போடு தேத்தண்ணி பருக்கினால் அது சுவாசப்பைக்குள் போய்விடக் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு என்ன பதத்தில் உணவும் நீரும் கொடுக்கலாம் என்பதை வைத்தியசாலையில் சோதித்துச் சொல்வார்கள். அதற்கு முன் எதையும் கொடுக்கக் கூடாது.

பெரி: இது எமது 'பரி'. மூலமூர்த்தியைச் சுற்றிவர இருப்பவர்கள் பரிவார தெய்வங்கள். பெரிகாடியம் என்பது இதயத்தைச் சுற்றியுள்ள உறை. பெரிகாடைற்றிஸ் என்பது அவ்வுறையில் ஏற்படும் அழற்சி.

ட்ரை: இது எமது 'திரி'. திரிசூலம் போல மூன்று. கொலஸ்ட்ரோல் சோதனைத் தாளில் வரும் ட்ரைகிளிசரைட் என்பது மூன்று கொழுப்பமிலங்கள் சேர்ந்த கொழுப்பு.

புரோ: இது எமது 'பிர'. முன் என்று பொருள். புரோக்னோசிஸ் என்றால் வருத்தம் இனி எப்படிப் போகும் என்பதை முன்னறிந்து சொல்லுதல். இதில் உள்ள 'நோசிஸ்' எமது ஞானம் என்ற சொல்லின் உறவு. டயக்னோசிஸ் என்பது என்ன வருத்தம் என்று பிரித்தறிதல். முதலாவது வருங்காலம், இரண்டாவது நிகழ்காலம்.

இவற்றைத் தமிழில் விளங்கப்படுத்துவது எம்மவருக்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். வெளியிலிருந்து வந்த ஒருவர் எமக்காக அவ்வளவு பாடுபட்டார். நாம் ஒரு இருபது முன்னொட்டைப் படிப்பது பெரிய காரியமன்று.

3. வேகமும் தொகையும்

டக்கி என்றால் விரைவு. பிராடி என்றால் மந்தம். வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் டக்கிகாடியா. 60க்குக் கீழ் என்றால் பிராடிகாடியா.

பொலி என்றால் பல, மிகுதி. பொலியூரியா என்றால் அளவுக்கு அதிகமாகச் சலம் போதல். பொலிடிப்சியா என்றால் மிகுந்த தாகம். இவ்விரண்டும் சீனி கூடியதன் அறிகுறிகளாக வரலாம். ஒலிகோ என்றால் சில, குறைவு. ஒலிகூரியா என்றால் சலம் மிகக் குறைவாகப் போதல்.

யூனி ஒன்று, பை இரண்டு, ஹெமி பாதி. யூனிலற்றறல் என்றால் ஒரு பக்கம், பைலற்றறல் என்றால் இரு பக்கமும். சத்திரசிகிச்சைக்குக் கையொப்பம் இடும் தாளில் இச்சொல் வந்தால் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பம் இட வேண்டும். ஹெமிபிளீஜியா என்றால் உடம்பின் ஒரு பாதி இயங்காமை.

4. காலமும் இடமும்

பிறீ முன், போஸ்ட் பின். போஸ்ட் ஒப்பறேற்றிவ் என்றால் சத்திரசிகிச்சைக்குப் பின். சீனி அளக்கச் சொல்லும் தாளில் பிறீ பிறண்டியல் என்றால் சாப்பாட்டுக்கு முன். போஸ்ட் பிறண்டியல் என்றால் சாப்பாட்டுக்குப் பின். இதை மாற்றி அளந்தால் இலக்கம் சரியாக இருந்தும் முடிவு பிழை.

அன்ரி என்ற ஒலியில் இரண்டு உண்டு. எமது பிள்ளைகள் கூப்பிடும் அன்ரியை இதில் சேர்க்கவில்லை. ஈ எழுத்தில் முடிவது முன் என்று பொருள்படும். பிள்ளைப்பேற்றுக்கு முன் தாய்மார் செல்லும் அன்ரிநேற்றல் கிளினிக் அதுவே. ஐ எழுத்தில் முடிவது எதிர் என்று பொருள்படும். அன்ரிபயோட்டிக் என்பது பக்டீரியாக்களுக்கு எதிரான மருந்து. தடிமனை உண்டாக்கும் வைரசுக்கு அது வேலை செய்யாது.

இன்ட்ரா உள்ளே, சப் கீழே, எபி மேலே, எண்டோ உட்புறம். இன்ட்ராவீனஸ் என்றால் நாளத்துக்குள் ஏற்றுவது. சப்கியூற்றேனியஸ் என்றால் தோலுக்குக் கீழே போடுவது. இன்சுலின் ஊசி இவ்வகை. எண்டோஸ்கொப்பி என்றால் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. எபிகாஸ்ற்றிக் என்றால் இரைப்பை இருக்கும் மேல்வயிற்றுப் பகுதி.

சொல்லின் வாலையும் இரண்டொன்று அறிந்திருத்தல் நன்று. 'ஐற்றிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஈமியா' என்று முடிந்தால் இரத்தத்தைப் பற்றியது. தலையையும் வாலையும் அறிந்தால் நடுவே நிற்கும் உறுப்பின் பெயரை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

5. வைத்தியர் முன் அமரும்போது

முன்னொட்டு அறிந்தவர் வைத்தியராகிவிட மாட்டார். இதைக் கொண்டு நாமே வருத்தத்தைத் தீர்மானிக்கவோ, குளிசையை நிறுத்தவோ கூடாது. எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்துகொள்வதே இப்படிப்பின் பயன்.

முதலாவது, ஹைப்பர் அல்லது ஹைப்போ காதில் விழுந்தால் உடனே "கூடவா, குறைவா?" என்று திருப்பிக் கேளுங்கள். மூன்று வார்த்தை ஆங்கிலம் போதும்: "ஹை ஓர் லோ?" எம் தாயாரைக் காப்பாற்றியது அந்தக் கேள்விதான். கேட்பதில் வெட்கம் இல்லை. பட்டம் பெற்ற நாமே பிழையாகச் சொன்னோம்.

இரண்டாவது, இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். சொல் மாறினாலும் இலக்கம் மாறாது.

மூன்றாவது, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பம்மாவின் புரோக்னோசிஸை எப்படி வாய்திறந்து சொல்லும்? சொல்லக் கூசி மறைத்துவிடும். அல்லது தெரியாமல் மாற்றிவிடும். இந்நாட்டு அரச வைத்திய சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவைக்க வேண்டும்.

நான்காவது, சீனிக்கோ பிரஷருக்கோ குளிசை எடுப்பவர்கள் விரதம் தொடங்குமுன் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எமது தாயார் அதன் பின் வந்த வருடங்களில் வைத்தியரிடம் கேட்டு, குளிசையின் அளவை அவர் சொன்னபடி மாற்றி, இரவில் பாலும் பழமும் எடுத்து விரதம் பிடித்தார். விரதமும் கெடவில்லை, அவரும் மயங்கவில்லை.

பயிற்சி

பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்திருந்து செய்து பார்க்கலாம். பொருள் கூறுக:

(1) ஹைப்போதேர்மியா. 'தேர்ம்' என்றால் வெப்பம்.
(2) ஹைப்பர்நற்றிரீமியா. 'நற்றிரியம்' என்றால் சோடியம்.
(3) பெரிநேற்றல். 'நேற்றல்' என்றால் பிறப்புத் தொடர்பானது.
(4) இன்ட்ராமஸ்கியூலர். 'மஸ்கியூலர்' என்றால் தசை தொடர்பானது.
(5) டக்கிப்னியா. 'ப்னியா' என்றால் மூச்சு.

விடைகள்: (1) உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைதல், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் இருக்கும் முதியோர் கவனிக்க வேண்டியது. (2) இரத்தத்தில் சோடியம் மிகை. (3) பிறப்பைச் சூழ்ந்த காலம், அதாவது பிறப்புக்குச் சற்று முன்னும் பின்னும். (4) தசைக்குள் போடுவது. (5) விரைந்த மூச்சு.

ஐந்தும் சரியாகச் சொன்னவர்கள் முதலாம் பகுதியில் உள்ள நான்கு சோடிகளையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். ஐந்தும் பிழைத்தவர்களும் அதையே செய்யுங்கள்.